நெய்க்கரண்டி வருவதற்கு முன்: சேலத்திலும் ஏற்காட்டிலும் நான்கு நாள்

சேலத்துக்கு வருகிறோம் என்று அம்மா தொலைபேசியில் சொன்னதும், அம்மாபேட்டையில் இருக்கும் சித்தி என்னை அழைக்கச் சொல்லிக் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு என்ன கண்ணு சமைக்கிறது?" என்பதுதான். பால், தயிர், மோர், நெய், வெண்ணெய், தேன், முட்டை ஆகியவற்றை நான் விட்டு ஐந்து ஆண்டுகள் ஆகின்றன என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அதை ஒரு நீண்ட விரதம் என்றும், வெளியூர் வரும்போது சற்றுத் தளர்த்திக்கொள்ளலாம் என்றும் அவர் எண்ணியிருந்தார். கறவை நின்ற மாடும், பால் தராது என்பதற்காகவே காளைக் கன்றும் எங்கள் வீட்டுத் தொழுவத்திலிருந்து எங்கே அனுப்பப்பட்டன என்பதை வளர்ந்த பிறகு அறிந்துகொண்ட ஒருத்திக்கு, விடுமுறை நாள் என்று தனியாக ஒரு நியாயம் கிடையாது. இதை அவரிடம் விளக்கமாகச் சொல்லாமல், "இட்லியும் தேங்காய்ச் சட்னியும் போதும் சித்தி" என்று மட்டும் சொன்னேன். "அது எப்பவும் இருக்கிறதுதானே!" என்று அவர் வியந்தார். அந்த நான்கு நாட்களில் நான் கண்டறிந்ததும் ஏறக்குறைய அதுதான்.

ஜூன் மாதத்தின் இரண்டாவது வாரத்தில் கும்பகோணத்திலிருந்து அம்மாவும் நானும் புறப்பட்டோம். டிகிரி காப்பிக்குப் பேர்போன ஊரில் பிறந்து, நாளுக்கு மூன்று முறை பால் காப்பி குடிக்கும் அம்மாவுடன் பயணம் செய்வதில் ஒரு நன்மை உண்டு. உணவகத்தில் எங்கள் மேசைக்கு வரும் இருவகைச் சாப்பாட்டையும் ஒப்பிட்டு, பால் எந்த இடத்தில் நுழைகிறது என்பதைத் தெளிவாகப் பார்த்துவிடலாம். வழியில் தின்பதற்கு அம்மா வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தில் பச்சைப் புள்ளி இருந்தது. அந்தப் புள்ளி இறைச்சியும் முட்டையும் இல்லை என்பதை மட்டுமே குறிக்கும். பால் பவுடரும் வெண்ணெயும் அதற்குள் தாராளமாக அடங்கும். பாலும் கலவாத நனிசைவ உணவுக்கென்று 2022ஆம் ஆண்டில் தனி விதிமுறைகளும் தனி முத்திரையும் நம் நாட்டில் வந்துவிட்டன என்றாலும், பேருந்து நிலையக் கடைகளில் தொங்கும் பொட்டலங்களில் அதைக் காண்பது அரிது. ஆகவே வறுத்த வேர்க்கடலையும் கடலை மிட்டாயும் வாங்கிக்கொண்டேன்.

வெளியூரில் சாப்பிடும்போது சிக்கல் பெரும்பாலும் சொல்லிலிருந்தே தொடங்குகிறது. 'வீகன்' என்ற சொல் 1944இல் இங்கிலாந்தில் உருவானது. அதற்கு நாம் வைத்திருக்கும் 'நனிசைவம்' என்ற சொல் அழகானது என்றாலும், அதை எந்த உணவகத்திலும் சொல்லிப் பயனில்லை. 'சைவம்' என்று சொன்னால் இன்னும் மோசம், ஏனெனில் நம் வழக்கில் சைவச் சாப்பாடு என்பது தயிரில் போய்த்தான் முடிகிறது. 'பால் பொருள் வேண்டாம்' என்பதும் போதாது என்பதை முதல் நாள் இரவே உணர்ந்தேன். பேருந்து நிலையத்துக்கு அருகில் ஓர் உணவகத்தில் சப்பாத்தியும் காய்கறிக் குருமாவும் கேட்டேன். குருமாவில் பால் பொருள் எதுவும் உண்டா என்று பரிமாறியவரிடம் கேட்டபோது, இல்லவே இல்லை என்று உறுதியாகச் சொன்னார். பாதி உண்ட பிறகு நாக்கில் ஒரு புளிப்புத் தட்டியது. விசாரித்தால், அரைத்த தேங்காயோடு இரண்டு கரண்டித் தயிர் சேர்ப்பது அந்தச் சமையற்கட்டின் வழக்கம். அவர் என்னை ஏமாற்றவில்லை. அவருக்குப் பால் பொருள் என்றால் காப்பி, பால்கோவா, பன்னீர். குருமாவில் கரைந்துபோன தயிர் அவருடைய கணக்கில் ஒரு மசாலா. அன்று எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. தட்டை ஒதுக்கிவிட்டு வாழைப்பழத்தோடு இரவை முடித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து கேள்வியை மாற்றினேன். தயிர் போடுவீர்களா, மோர் ஊற்றுவீர்களா, நெய் விடுவீர்களா, வெண்ணெய் தடவுவீர்களா என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேட்பதும், முடிந்தால் அடுப்படியில் நிற்கும் மாஸ்டரிடமே கேட்பதும் உடனே பலன் தந்தன. அப்படிக் கேட்டுக்கேட்டு எனக்குத் தெளிவான ஒரு செய்தி உண்டு. நம் காலைச் சிற்றுண்டியில் பெரும்பாலானவை அடுப்பிலிருந்து இறங்கும் வரை பாலற்றவையாகவே இருக்கின்றன, கடைசிக் கரண்டியில்தான் நெய் வருகிறது. இட்லிக்கு அரிசியும் உளுந்தும் போதும். சாம்பாருக்குப் பருப்பும் புளியும். இடியாப்பத்துக்கும் ஆப்பத்துக்கும் தேங்காய்ப் பால். தோசைக்கு எண்ணெய் விட்டு வார்க்கச் சொன்னால் வார்த்துத் தருகிறார்கள், ஆனால் கல்லில் முன்னதாக நெய் ரோஸ்ட் வார்த்திருந்தால் துடைத்துவிட்டுப் போடுமாறு கேட்க வேண்டும். வெண்பொங்கல் மட்டும் பெரும்பாலும் அண்டாவிலேயே நெய்யோடு கிளறப்பட்டுவிடுகிறது. ரவா தோசை மாவில் புளித்த மோர் கலக்கும் இடங்கள் பல. மதியச் சாப்பாட்டில் தயிர்ப் பச்சடியும் மோர்க்குழம்பும் கண்ணுக்குத் தெரிந்தே நிற்பதால் தொல்லையில்லை. அப்பளத்தோடு அப்பாவியாக இலையில் விழும் மோர் மிளகாயைத்தான் எத்தனையோ பேர் மறந்துவிடுகிறார்கள்.

சேலத்தின் மாலைப்பொழுது இந்தக் கவலைகளையெல்லாம் தள்ளிவைத்துவிடுகிறது. தட்டுவடை செட் என்ற பண்டத்தை வேறு ஊர்களில் அதன் பெயரில் விற்கப்படும் நகல்களை வைத்து மதிப்பிடுவது தவறு. தள்ளுவண்டிக்காரர் உள்ளங்கை அளவுக்கும் சிறிய தட்டுவடைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பக்கம் புதினா, கொத்தமல்லிப் பச்சைச் சட்னியும் மறுபக்கம் மிளகாயும் பூண்டும் அரைத்த சிவப்புச் சட்னியும் தடவி, துருவிய பீட்ரூட், கேரட், நறுக்கிய வெங்காயம் ஆகியவற்றைக் குவித்து, மேலே இன்னொரு தட்டுவடையை மூடித் தட்டில் வைக்கும் வேகத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கலாம். அதை அப்படியே முழுதாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டும். கடித்துத் தின்றால் காய்கறி சட்டையில் விழும். முதலில் தட்டுவடை நொறுங்கும் ஓசை, பிறகு பீட்ரூட்டின் இனிப்பு, அதன் பின்னால் மெதுவாக வந்து காதுவரை ஏறும் பூண்டுக் காரம். மாங்காய்க் காலமாதலால் மாங்காய்த் துருவல் வைத்த செட்டும் கிடைத்தது. நொறுக்கல் என்று கேட்டால் தட்டுவடையையும் முறுக்கையும் கையால் உடைத்து, அதே காய்களோடும் சட்னிகளோடும் பிசைந்து தருகிறார்கள். முட்டை நொறுக்கலும் போடும் வண்டிகள் இருப்பதால், தனிப் பாத்திரத்தில் கலக்கித் தருமாறு சொல்லிவிடுவது நல்லது.

தட்டுவடை மாவில் சிலர் வெண்ணெய் சேர்ப்பதுண்டு என்பதால் நான் நின்ற வண்டியில் அதையும் கேட்டேன். "இந்த விலைக்கு வெண்ணெய் போட்டா கட்டுமாங்க? காய்ச்சின எண்ணெயத்தான் ஊத்திப் பெசையறோம்" என்றார் அந்த அண்ணன். நான் ஏன் கேட்கிறேன் என்று அவர் கேட்க, மாட்டுப் பால் சம்பந்தப்பட்ட எதையும் உண்பதில்லை என்று சொன்னேன். அவர் இரண்டு நொடி யோசித்துவிட்டு, தம் வண்டியில் இருந்த ஒவ்வொரு பாத்திரத்தையும் திறந்து காட்டி, அதில் என்னென்ன இருக்கின்றன என்று சொல்லிக்கொண்டே வந்தார். எந்தப் பொட்டலத்தின் முத்திரையும் எனக்கு இவ்வளவு நிம்மதியைத் தந்ததில்லை. சேலத்தில் இருந்த மாலைகளில் அம்மாவும் நானும் அதே வண்டிக்கே போனோம்.

சித்தி வீட்டு விருந்துக்குத்தான் நான் உண்மையில் அஞ்சினேன். கடையில் வேண்டாம் என்பது எளிது. ஆசையோடு சமைத்து இலையருகே நிற்பவரிடம் அதைச் சொல்வது அப்படியன்று. ஆனால் சித்தி என்னைவிட முன்னால் யோசித்திருந்தார். அரிசி பருப்புச் சாதத்துக்கு நல்லெண்ணெய், பொரியலுக்குத் தேங்காய், தயிருக்குப் பதில் எலுமிச்சை ரசம், கடைசியில் ஜவ்வரிசிப் பாயசம். பாயசத்தைப் பார்த்ததும் நான் தயங்கியதைக் கவனித்து, "வெல்லம் போட்டதுக்கு எவளாவது பசும்பால் ஊத்துவாளா? திரிஞ்சு போயிடும். தேங்காய்ப் பால்தான் கண்ணு, குடி" என்றார். எனக்கு வெட்கமாகிவிட்டது. வெல்லப் பாயசத்துக்குத் தேங்காய்ப் பால் என்பது நம் அடுப்பங்கரைகளின் பழைய வழக்கம், சர்க்கரையும் பாலும் மலிந்த பிறகு நாம் அதை மறந்திருக்கிறோம். இரண்டாம், மூன்றாம் பாலில் ஜவ்வரிசியைக் கண்ணாடி போல வேகவைத்து, வெல்லப் பாகு சேர்த்து, அடுப்பை அணைத்த பிறகே கெட்டியான முதல் பாலை ஊற்ற வேண்டும். கொதித்தால் அதுவும் பிரிந்துவிடும். முந்திரியை நெய்யில் வறுக்காமல் வெறும் வாணலியில் சிவக்க வறுத்துப் போட்டிருந்தார். அம்மா இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தார்.

சேலத்தில் ஜவ்வரிசி உண்பதற்கு ஒரு தனிப் பொருத்தமும் உண்டு. ஒரு வகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கப்பட்ட ஜவ்வரிசி முன்பு கடல் கடந்து வந்துகொண்டிருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்த வரத்து நின்றபோதுதான், மரவள்ளிக் கிழங்கிலிருந்து அதைச் செய்யும் தொழில் இந்த வட்டாரத்தில் வேரூன்றியது. கிழங்கைத் தோலுரித்து அரைத்து, வடிகட்டிய மாவுப் பாலைத் தொட்டிகளில் தெளியவிட்டு, அடியில் படிந்த மாவை எடுத்துக் குலுக்கி உருண்டைகளாக்கி, வறுத்து வெயிலில் உலர்த்துகிறார்கள். 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் இங்கே தோன்றியது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிடைக்காத ஒன்றுக்கு மாற்றாகப் பிறந்த பொருள், பிறகு ஊரின் அடையாளமாகவே ஆகிவிட்டதை எண்ணியபோது, 'மாற்று உணவு' என்று என் சாப்பாட்டைக் குறைத்துப் பேசுவோர் என் நினைவுக்கு வந்தனர்.

மூன்றாம் நாள் ஏற்காட்டுக்கு ஏறினோம். மலைச்சாலை தொடங்குவதற்கு முன்னால், மரத்தடியில் பெரிய பானையோடு அமர்ந்திருந்த அக்காவிடம் கம்மங்கூழ் கிடைத்தது. பொதுவாக மோரைக் கலந்தே வைத்துவிடுவார்கள் என்பதால் நம்பிக்கையின்றித்தான் கேட்டேன். "மோர் ஊத்தாத கட்டி அடியில கெடக்குது, தண்ணி விட்டு உப்புப் போட்டுக் கரைச்சுத் தரட்டுங்களா?" என்றார். சின்ன வெங்காயமும் மாங்காய்க் கீற்றும் தொட்டுக்கொள்ளத் தந்தார். முந்தின இரவு புளித்த கூழுக்குத் தன் புளிப்பே இருக்கிறது. மோர் இல்லாத குறை எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே போய்ச் சேரும் வரை பசிக்கவில்லை.

மலையில் உண்பது சமவெளியைவிடச் சற்றுக் கடினமாக இருந்தது. நாங்கள் தங்கிய விடுதியில் காலை உணவு என்றால் ரொட்டி, வெண்ணெய், ஆம்லெட், பால் என்றே வரிசை கட்டியிருந்தது. முந்தின நாளே சமையற்காரரிடம் பேசி, உப்புமாவைக் கடலை எண்ணெயில் கிளறித் தரச் சொன்னோம். முந்திரி போடாமல் விட்டுவிட்டாரே தவிர, நன்றாகவே செய்திருந்தார். ஏரிக்கரைக் கடைகளில் மிளகாய் பஜ்ஜி, வேகவைத்த வேர்க்கடலை, சுட்ட சோளக்கதிர், மிளகாய்த்தூள் தூவிய அன்னாசித் துண்டு என்று எதற்கும் குறைவில்லை. பஜ்ஜி மாவில் பாலுக்கு இடமில்லை, ஆனால் முட்டை போண்டா பொரித்த எண்ணெயிலேயே அதையும் போடுவதைக் கண்டால் நான் அடுத்த கடைக்குப் போய்விடுவேன். சோளக்கதிரில் வெண்ணெய் தடவுவதற்கு முன்னால் கையை நீட்டிவிட வேண்டும். பலாச்சுளை விற்றவரிடம் வெண்ணெய்ப் பழமும் இருந்தது. 'பட்டர் ஃப்ரூட்' என்று அவர் சொன்னபோது, நான் உண்ணத் தகுந்த ஒரே வெண்ணெய் இது என்று அம்மாவிடம் காட்டினேன். அறைக்குக் கொண்டுவந்து உப்பும் எலுமிச்சையும் மிளகும் சேர்த்து மசித்து, கீழேயிருந்து வாங்கிச் சென்ற தட்டுவடைகளில் தடவித் தின்றோம்.

காப்பியைப் பற்றிச் சொல்லாமல் சேர்வராயன் மலையைக் கடந்துவிட முடியாது. 1820களில் சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில் இங்கே வந்த காப்பிச்செடி, நிழல் மரங்களுக்குக் கீழே, அம்மரங்களைப் பற்றி ஏறும் மிளகுக்கொடிகளோடு சேர்ந்து இன்றும் வளர்கிறது. அந்தத் தோட்டங்களுக்கு நடுவே உட்கார்ந்து, சிக்கரி கலக்காத தூளில் இறங்கிய டிகாக்ஷனை வெந்நீரில் கலந்து, நாட்டுச் சர்க்கரை போட்டு வரக்காப்பியாகக் குடித்தேன். பால் மறைத்துவிடும் ஒரு மெல்லிய பழப்புளிப்பு அதில் இருந்தது. அம்மா ஒரு வாய் குடித்துப் பார்த்து, "எனக்கு இது கஷாயம்மா" என்று திருப்பித் தந்துவிட்டுத் தமக்குப் பால் காப்பி வாங்கிக்கொண்டார். அவரை மாற்ற வேண்டும் என்று நான் முயல்வதில்லை. அவரும் நான்கு நாளும் என் தட்டுக்கு வருவதை என்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்.

புறப்படும் நாள் காலையில் கடைவீதியில் மல்கோவாவும் இமாம் பசந்தும் வாங்கினோம். சேலத்துக்கு மாம்பழக் காலத்தில் வருகிற நனிசைவர் இனிப்புக்கடையைத் தேட வேண்டியதில்லை. பழச்சாறு மட்டும் கேட்டு வாங்க வேண்டும், ஏனெனில் மாம்பழ ஜூஸ் என்றாலே பாலை ஊற்றி அடித்துவிடுகிறார்கள். பழமாகவே தின்பது இன்னும் நல்லது. மல்கோவாவின் சாறு முழங்கை வரை வழியும்போது வேறு எதுவும் வேண்டியிருப்பதில்லை. பி12 மாத்திரையை மட்டும் நான் எந்த ஊருக்குப் போனாலும் பையில் வைத்திருப்பேன், அந்தச் சத்து செடிகொடிகளிலிருந்து கிடைப்பதில்லை.

சித்தி நல்லெண்ணெயில் கிளறிய புளிச்சாதத்தை வாழையிலையில் கட்டி, ஒரு கிலோ ஜவ்வரிசியோடு பையில் வைத்தார். பேருந்தில் ஏறும்போது, ஆடியில் அவர்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது நான் வர வேண்டும் என்றும், மோர் கலப்பதற்கு முன்னாலேயே எனக்கென்று ஒரு செம்பு எடுத்து வைக்கும்படி பூசாரியிடம் இப்போதே சொல்லிவிடுவதாகவும் கூறினார்.