ட்ரை சூட் நாட்குறிப்பு: சியாட்டில், 2024

மார்ச் 16

மார்ச் நடுவிலேயே சியாட்டிலில் 20 டிகிரிக்கு மேல் வெயில். கோல்டன் கார்டன்ஸ் கடற்கரையில் அரைக்கால் சட்டையும் பனியனுமாகக் கயாக்கை (துடுப்பு போடும் சின்னப் படகு) இறக்கிக்கொண்டிருந்தார்கள். நானும் கயாக்கில் உட்கார்ந்து மீன் பிடிக்கும் ஆள்தான், எனக்குப் பார்க்கவே வயிற்றைக் கலக்கியது. வெயில் காற்றுக்குத்தான் வந்திருக்கிறது. இங்கிருக்கும் கடல், ப்யூஜெட் சவுண்ட், அதன் தண்ணீர் இன்னும் 8, 9 டிகிரியில்தான் கிடக்கிறது. ஆகஸ்டிலேயே 13, 14 வந்தால் பெரிது.

மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்ப்ரெக்ட் பிரபலமாக்கிய 1-10-1 கணக்கு இங்கே பலருக்கும் மனப்பாடம். குளிர்ந்த தண்ணீரில் விழுந்தால் முதல் 1 நிமிடம் மூச்சு நம் வசத்தில் இருக்காது. அடுத்த 10 நிமிடம் கை கால் ஓரளவு சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணி நேரம். அந்த ஒரு மணி நேரம் வரை பலர் தாக்குப்பிடிப்பதே இல்லை. முதல் நிமிடத்திலேயே மூச்சோடு தண்ணீரை இழுத்துவிடுகிறார்கள். அந்த நிமிடத்துக்கு லைஃப் ஜாக்கெட். அதற்குப் பிறகு வருவதற்கு ட்ரை சூட், அதாவது உள்ளே தண்ணீர் புகாத முழு உடை.

மே 1 லிங்காட் என்ற கடல் மீனுக்கு சீசன் தொடக்கம். அதற்குள் ஒன்று வாங்கியாக வேண்டும். வீட்டில் விலையைச் சொன்னேன். "ஆயிரத்துச் சொச்சம் டாலருக்கு மழைக்கோட்டாங்க? அந்தக் காசுக்கு ரெண்டு வருஷம் கடையில மீன் வாங்கலாமே" என்றாள். கணக்கு சரிதான், என்ன செய்ய.

மார்ச் 23

கடைக்குப் போகும்போதே உள்ளே போடுவதையெல்லாம் போட்டுக்கொண்டு போனேன்: மெரினோ கம்பளி உள்ளாடை, மேலே ஃப்ளீஸ். ட்ரை சூட் தானாகச் சூடு தராது, ஈரத்தைத் தடுக்கும், அவ்வளவுதான். சூடு தருவது உள்ளே இருக்கும் துணி. அதற்கு இடம் விட்டுத்தான் அளவு பார்க்க வேண்டும்.

வெட் சூட், அதாவது தண்ணீரை உள்ளே விடும் இறுக்கமான ரப்பர் உடை, போதாதா என்று நண்பர் கேட்டார். அலைச்சறுக்கு ஆடுபவர் உடம்பை அசைத்துக்கொண்டே இருப்பார், அவருக்குப் போதும். தூண்டிலைப் போட்டுவிட்டு ஈர உடையோடு காற்றில் மணிக்கணக்காக உட்காரும் ஆளுக்கு அது சரிப்படாது.

கண்ணாடி முன் நின்று பார்த்து ஒரு பயனும் இல்லை. தரையில் உட்கார்ந்து, முழங்காலை மடக்கி, முன்னால் குனிந்து கால் விரலைத் தொட்டேன். பின்னால் திரும்பித் தூண்டில் செருகும் குழாயை எட்டுவதுபோல் கையை நீட்டினேன். எம் அளவில் குனிந்தவுடன் கவட்டிலிருந்து கழுத்து வரை இழுத்தது. எல் போட்டால் காலில் துணி தொங்கியது. நம்மூர் உடம்புக்கு இதுதான் சிக்கல், வயிறு எல் கேட்கும், கால் எம் கேட்கும். காலில் கொஞ்சம் மடிப்பு விழுந்தால் குடி முழுகிவிடாது. முதுகு நீளம் குறைந்தால்தான் துடுப்பு போடும் ஒவ்வொரு முறையும் கழுத்து இழுபடும். எல் அளவிலேயே உயரம் குறைந்தவர்களுக்கென்று ஒன்று இருந்தது, அதைக் குறித்துக்கொண்டேன்.

மற்ற முடிவுகள் எளிது. ஜிப் முன்பக்கம் குறுக்காக வர வேண்டும். முதுகில் இருந்தால் இழுத்துவிட இன்னொரு ஆள் தேவை, விடியற்காலை ஐந்து மணிக்கு அங்கே யார் இருக்கப்போகிறார்கள்? சிறுநீர் கழிக்கத் தனி ஜிப், இதில் பேரமே இல்லை. பாதம் வரை அதே துணியில் சாக்ஸ் வேண்டும். கழுத்திலும் மணிக்கட்டிலும் தண்ணீரை அடைக்கும் பட்டை லேடெக்ஸ் ரப்பரில் இருக்க வேண்டும். நியோப்ரீன் என்ற நுரை ரப்பரில் கழுத்து சுகமாக இருக்கும், ஆனால் தண்ணீர் கசியும். அந்த மாதிரி உடையை 'செமி ட்ரை' என்றே விற்கிறார்கள்.

மார்ச் 24

பாதி விலைக்குப் பழைய சூட் ஒன்று விற்பனைக்கு இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தேன். துணி நன்றாகவே இருந்தது. மணிக்கட்டு ரப்பரை இழுத்தால் பிசுபிசுவென்று கையில் ஒட்டியது. லேடெக்ஸுக்கு ஆயுள் குறைவு. வெயில், ஓசோன், சன்ஸ்கிரீன் எண்ணெய், கொசு மருந்து எல்லாமே அதற்கு எமன். ரப்பரை மாற்றிக்கொள்ளலாம், பரவாயில்லை. ஜிப்பும் பல் விட்டிருந்தது, அதை மாற்றும் செலவுக்குப் பேசாமல் புதிதே வாங்கலாம். வேண்டாம் என்று வந்து, கடையில் குறித்துவைத்த புது சூட்டையே ஆர்டர் செய்துவிட்டேன்.

மார்ச் 30

சூட் வந்துவிட்டது. போட்டதும் கழுத்து நெரிந்தது. புது லேடெக்ஸ் அப்படித்தான் இருக்கும், கத்தரிக்கோலை எடுக்க அவசரப்படக்கூடாது. சாம்பார் வைக்கும் பெரிய பாத்திரத்தில் கழுத்து ரப்பரை மாட்டி ராத்திரி முழுக்க விட்டிருக்கிறேன். மணிக்கட்டு ரப்பர்கள் இரண்டும் பாட்டில்களில். அடுப்படி மேடையில் தலையில்லாத ஆள் ஒருவர் படுத்திருக்கிறார்.

ஏப்ரல் 1

புது மீன்பிடி லைசென்ஸ் இன்று முதல் செல்லும். ஒரு வேலை முடிந்தது.

கழுத்து இன்னும் இறுக்கம்தான். ரப்பரில் வட்ட வட்டமாக வரி இருக்கிறது, அதுதான் வெட்டும் கோடு. ஒரு வரி வெட்டிவிட்டுப் போட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் அடுத்தது. கத்தரிக்கோலை நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக ஓட்ட வேண்டும். நடுவில் நிறுத்தி மறுபடி தொடங்கினால் அந்த இடத்தில் சின்னப் பிசிறு நிற்கும், பிற்பாடு கிழிசல் அங்கிருந்துதான் ஓடும். இரண்டாவது வரியோடு நிறுத்திக்கொண்டேன். இறுக்கம் தெரிகிறது, ஆனால் எச்சில் விழுங்க முடிகிறது, முகம் சிவக்கவில்லை. போடும்போது கொஞ்சம் டால்கம் பவுடர் தடவினால் தலை வழுக்கிக்கொண்டு போகிறது.

ஏப்ரல் 6

சம்மாமிஷ் ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் சோதனை. நண்பர் கரையில் காவல். உள்ளே வேண்டுமென்றே வெளிர் சாம்பல் நிறப் பருத்தி டி-ஷர்ட் போட்டிருந்தேன். மீன் பிடிக்கப் போகும்போது பருத்தி ஆகவே ஆகாது, ஆனால் ஒரு சொட்டு கசிந்தாலும் அதில் கரும்புள்ளியாகக் காட்டிக்கொடுத்துவிடும்.

முதலில் காற்றை வெளியேற்ற வேண்டும். கழுத்து ரப்பருக்குள் ஒரு விரலை விட்டு, குந்தி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொண்டால் புஸ்ஸென்று காற்று வெளியே வருகிறது. அதைச் செய்யாமல் இறங்கினால் உடை உப்பிக்கொள்ளும், நீந்த வராது.

தண்ணீர் புகுந்தால் சூட் ஆளை அடியில் இழுத்துவிடும் என்று ஒரு பயம் பலருக்கும் உண்டு. தண்ணீருக்குள் இருக்கும் தண்ணீருக்கு எடை தெரியாது, அதனால் அப்படி மூழ்கமாட்டோம். கஷ்டம் கயாக்கில் திரும்ப ஏறும்போதுதான். உள்ளே போன தண்ணீர் அத்தனையையும் சுமந்துகொண்டு ஏற வேண்டும்.

ஏறிப் பார்த்தேன். பக்கவாட்டில் பிடித்து, காலை உதைத்து, வயிறு கயாக் மேல் வரும் வரை உந்தி, அப்புறம் புரண்டு உட்கார வேண்டும். லைஃப் ஜாக்கெட்டின் முன் பையில் இருந்த குறடு விளிம்பில் மாட்டிக்கொண்டு விடவே இல்லை. குறட்டுக்கு இனி கயாக்கில்தான் இடம். டி-ஷர்ட் காய்ந்தே இருந்தது.

ஏப்ரல் 20

ஷில்ஷோல் பக்கம் தட்டை மீனுக்குப் போனேன். திரும்பியபோது வலது முன்கை மட்டும் நனைந்திருந்தது. ஓட்டை ஏதும் இல்லை. தூண்டிலை இறுக்கிப் பிடித்தால் மணிக்கட்டில் தசைநாண்கள் புடைக்கின்றன; இரண்டு நாணுக்கும் நடுவே விழும் பள்ளம் வழியாகத் தண்ணீர் ஏறியிருக்கிறது. ரப்பரை மணிக்கட்டு எலும்புக்கு மேலே, முன்கைப் பக்கம் தள்ளிப் போட்டதும் நின்றது.

முதுகு ஈரம் வேறு. எதிர்க்காற்றில் துடுப்பு போட்ட வியர்வை அது. மூச்சு விடும் துணி என்றாலும் அதற்கும் ஓர் அளவு உண்டு. போகும்போது ஒரு அடுக்கு குறைத்துப் போட்டுக்கொண்டு, அதைத் தண்ணீர் புகாத பையில் வைத்து எடுத்துப் போவது நல்லது.

மே 11

நேற்று ராத்திரி துருவ ஒளி பார்க்க ஊரே தூங்காமல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. தூக்கம் கெட்டாலும் காலையில் கடலோட்டம் நிற்கும் நேரத்துக்குக் கிளம்பிவிட்டேன். ஓட்டம் நின்றால்தான் பாறை ஓரத்தில் தூண்டிலைச் செங்குத்தாக இறக்க முடியும். இங்கே 120 அடிக்கு மேல் ஆழத்தில் கடலடியில் வாழும் மீனைப் பிடிக்கக்கூடாது. ராக்ஃபிஷ் என்ற பாறை மீன் சிக்கினால் விட்டுவிட வேண்டும். அதை ஆழத்துக்கே இறக்கிவிடும் கருவி கையில் இருப்பதும் கட்டாயம்.

வெயில் ஏற ஏற சூட்டுக்குள் வெந்துபோனேன். தொப்பியைத் தண்ணீரில் முக்கித் தலையில் வைத்துக்கொள்வது, கையை மணிக்கட்டு வரை தண்ணீரில் விடுவது, இவ்வளவுதான் வழி. ஜிப்பை மட்டும் திறக்கக்கூடாது. திறந்த ட்ரை சூட்டோடு விழுவதற்குப் பதில் அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம்.

முதல் லிங்காட் 24 அங்குலம், விட்டுவிட்டேன். 26 முதல் 36 வரை உள்ளதைத்தான், அதுவும் நாளுக்கு 1 மட்டுமே, எடுக்கலாம். அடுத்தது 29. வாய் நிறையப் பல்லோடு மடிக்கு வந்தவுடன் ஒரு உதறு உதறியது, தூண்டில் முள் தொடைத் துணியில் குத்தி நின்றது.

வீட்டில் உப்புப் போக நல்ல தண்ணீரில் அலசி, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். தொடையில் ஊசிமுனை அளவு வெளிச்சம். ஆல்கஹாலில் துடைத்து, அக்வாசீல் பசை ஒரு பொட்டு வைத்து, நிழலில் காயப்போட்டிருக்கிறேன். மீனில் பாதி வறுவலாகிவிட்டது, மீதி நாளைக் குழம்புக்கு.