ரெண்டு லேப்டாப்பும் ஒரே வீட்டு வைஃபையில், ஆனால் ஒன்றுக்கொன்று தெரியவில்லை

வைஃபைக்குப் பெயர், டபிள்யூபிஏ2 பாஸ்வேர்டு எல்லாம் சட்டென்று முடிந்தன. ரெண்டு லேப்டாப்பிலும் இணையம் வந்தது. ஒன்றின் ஃபோல்டரை மற்றதில் திறக்கும்போதுதான் வினை ஆரம்பித்தது.

இணைய நிறுவனத்தின் உதவி எண்ணில் கிடைத்த ஒரே யோசனை, "மோடத்தை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க". இணையம் ஓடினால் அவர்கள் வேலை முடிந்தது. வீட்டுக்குள் ஃபைல் போகாதது அவர்கள் கணக்கில் பிரச்சினையே இல்லை.

கோளாறைக் காட்டிக்கொடுத்தது, கமாண்ட் பிராம்ப்டில் அடிக்கும் ஐபிகான்ஃபிக் (ipconfig) கட்டளை. லேப்டாப்பின் ஐபியை, அதாவது நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்ணை, அது காட்டும். ஒன்றில் 192.168.1.23, மற்றதில் 192.168.0.104. மூன்றாவது எண் வேறு என்றால் (வீட்டு ரவுட்டர்களின் வழக்கமான அமைப்பில்) நெட்வொர்க்கே வேறு. நிறுவனம் தந்த பெட்டி ஒரு ரவுட்டர். சிக்னல் போதாமல் அதற்குப் பின்னால் மாட்டிய பெட்டியும் ரவுட்டர். இரண்டும் தனித்தனியாக ஐபி வழங்குகின்றன. இதைப் பார்க்காமல் விண்டோஸ் செட்டிங்ஸைக் குடைவது வீண்வேலை.

இரண்டாவது பெட்டியில் ஆக்சஸ் பாயின்ட் மோடு (தனியாக ஐபி வழங்காமல் வைஃபையை மட்டும் பரப்பும் அமைப்பு) இருந்தால் அதைப் போட்டால் போதும். இல்லாவிட்டால் கையால் செய்ய வேண்டும், வரிசை முக்கியம்: முதலில் அதன் லேன் (வீட்டுப் பக்க) முகவரியை முதல் ரவுட்டரின் வரிசையில், அதாவது 192.168.1.2 என மாற்றி, அந்த எண் முதல் ரவுட்டர் வழங்கும் வரம்புக்குள் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு அதில் டிஹெச்சிபியை (கருவிகளுக்கு ஐபி வழங்கும் வசதி) அணையுங்கள். கடைசியாக, அதன் வேன் (இணையம் உள்ளே வரும்) போர்ட்டில் இருக்கும் கேபிளைப் பிடுங்கி அதே பெட்டியின் லேன் போர்ட்டில் செருகுங்கள். டிஹெச்சிபியை முதலிலேயே அணைத்தால் லேப்டாப்புக்கு ஐபி கிடைக்காமல் செட்டிங்ஸ் பக்கத்துக்கே திரும்ப நுழைய முடியாது.

கெஸ்ட் வைஃபையில் (விருந்தினருக்கான தனி வைஃபை) இணைத்திருந்தாலும் பெரும்பாலும் பகிர்வு நடக்காது. விருந்தினர் கருவிகள் வீட்டுக் கருவிகளைப் பார்க்காமல் தடுப்பதற்காகவே அது இருக்கிறது.

அடுத்து விண்டோஸ். நெட்வொர்க்கை பிரைவேட் என மாற்றி, ஃபைல் ஷேரிங்கை ஆன் செய்யுங்கள். பகிர்ந்த கம்ப்யூட்டர் நெட்வொர்க் பட்டியலில் வரும் என்று காத்திருக்க வேண்டாம். எக்ஸ்ப்ளோரர் முகவரிப் பட்டியில் அதன் ஐபியை \\192.168.1.23 என்பதுபோல் அடித்தால் நேரே திறக்கும். ஹோம்குரூப் (விண்டோஸின் பழைய வீட்டுப் பகிர்வு வசதி) பற்றிய பழைய குறிப்புகளைத் தூக்கிப் போடுங்கள், 2018இல் வந்த விண்டோஸ் 10 1803 பதிப்போடு அது போய்விட்டது. எஸ்எம்பி1ஐ (ஃபைல் பகிர்வின் பழைய நெறிமுறை) ஆன் செய்யச் சொல்லும் யோசனையையும் தொடாதீர்கள். 2017இல் வானாக்ரை வைரஸ் பரவியது அதன் ஓட்டை வழியாகத்தான்.

இதற்குப் பிறகும் பாஸ்வேர்டு கேட்டுக் கேட்டு மறுக்கும். எரிச்சலின் உச்சம் இதுதான். தினமும் அடிக்கும் பின் நம்பர் நெட்வொர்க்கில் செல்லாது. வெற்று பாஸ்வேர்டும் செல்லாது. மைக்ரோசாஃப்ட் கணக்கு என்றால் மின்னஞ்சல் முகவரியும் அந்தக் கணக்கின் முழு பாஸ்வேர்டும் வேண்டும். பகிரும் கம்ப்யூட்டரில் பகிர்வுக்கென்றே ஒரு லோக்கல் யூசரை பாஸ்வேர்டுடன் உருவாக்குவதுதான் தலைவலி இல்லாத வழி. முன்பு வேறு பெயரில் நுழைந்திருந்தால், புதுப் பெயரை விண்டோஸ் ஏற்காது. கமாண்ட் பிராம்ப்டில் நெட் யூஸ் * /டெலீட் (net use * /delete) கொடுத்து, விண்டோஸ் பாஸ்வேர்டுகளைச் சேமிக்கும் கிரெடென்ஷியல் மேனேஜரில் பழைய பதிவையும் அழியுங்கள்.

உள்ளே போன பிறகும் "அனுமதி இல்லை" என்று வந்தால், ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸில் உள்ள ஷேரிங் டேபில் மட்டும் அனுமதி கொடுத்திருப்பீர்கள். செக்யூரிட்டி டேபிலும் அந்த யூசரைச் சேருங்கள்; இரண்டில் எது கறாரோ அதுவே செல்லும்.

வேகம் பாதியாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். இரண்டும் ஒரே வைஃபையில் இருந்தால் ஒவ்வொரு ஃபைலும் காற்றில் இருமுறை போகிறது. ஒன்றையாவது கேபிளில் மாட்டுங்கள். ஆனால் ரவுட்டரின் போர்ட் 100 எம்பிபிஎஸ் வகையானால் நொடிக்கு 11, 12 எம்பியைத் தாண்டாது. கிகாபிட் போர்ட்தானா என்று முதலிலேயே பாருங்கள்.

எல்லாம் ஓடியபின் பகிரும் கம்ப்யூட்டருக்கு எப்போதும் ஒரே ஐபி கிடைக்கும்படி ரவுட்டரில் அதை ரிசர்வ் செய்யுங்கள். அந்தக் கம்ப்யூட்டரின் வைஃபை செட்டிங்ஸில் ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸ் (ரவுட்டர் கம்ப்யூட்டரை அடையாளம் காணும் எண்ணை மாற்றும் வசதி) ஆஃபில் இருக்கட்டும், இல்லையேல் ரிசர்வ் செய்தும் ஐபி மாறலாம். ஸ்லீப்பையும் நிறுத்திவையுங்கள், தூங்கும் கம்ப்யூட்டரில் ஃபோல்டர் திறக்காது.