எருக்கலையில் தொடங்கி ஒரு குடும்பம் முழுவதும்: இறுதியாண்டு ஆய்வு செய்யப்போகிறவர்களுக்கு

ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் தாவரவியல் மாணவர்கள் பலர் அரிய தாவரம் ஒன்றையே தேடுகிறார்கள். திருகோணமலையில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கு நான் சொல்வது இதற்கு நேர்மாறு. உப்புவெளியில் இருந்து நிலாவெளி வரை மணற்பாங்கான வளவுகளிலும் தெருவோரங்களிலும் நிற்கிறதே எருக்கலை, அதைப் பிடியுங்கள். நான் அதில்தான் தொடங்கினேன். அது என்னை அப்போசைனேசியே என்ற பெரிய குடும்பத்துக்குள் கொண்டுபோனது. 5000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ள குடும்பம் அது. அலரி, பட்டிப்பூ என்கிற நித்தியகல்யாணி, நந்தியாவட்டை, நன்னாரி, சிறுகுறிஞ்சா எல்லாம் அதில் அடங்கும். ஒன்று முற்றத்தில் நிற்கும், இன்னொன்று நாட்டுமருந்துக் கடையில் கிடைக்கும்.

முதலில் பெயர்ச் சிக்கலைத் தீர்த்துவிடுங்கள். பழைய நூல்களில் எருக்கலை அஸ்கிளிபியடேசியே என்ற தனிக் குடும்பத்தில் இருக்கும். 1810இல் ரொபர்ட் பிரவுன் என்ற தாவரவியலாளர் அப்படிப் பிரித்தார். பிற்காலத்தில் டிஎன்ஏ ஆய்வுகள் அந்தக் கூட்டம் அப்போசைனேசியேக்கு உள்ளிருந்தே கிளைத்தது என்று காட்டியதால் இரண்டும் ஒன்றாயின. இதே பிரவுன்தான் ஓர்க்கிட்டுகளிலும் எருக்கலையின் உறவுகளிலும் கருக்கட்டல் எப்படி நடக்கிறது என்று ஆராய்ந்தபோது, 1831இல் கலத்தின் கருவுக்கு நியூக்கிளியஸ் என்ற பெயரை வைத்தார். உயர்தரத்தில் தனித் தகவலாக மனனம் செய்த அந்தப் பெயர் இந்தக் குடும்பத்தின் பூவோடு சேர்ந்து பிறந்தது என்று அறிந்தபோது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சரி, பூவுக்கு வருவோம். இங்கே அவசரப்படக் கூடாது. எருக்கம்பூவின் நடுவில் ஐந்து மூலைகள் உள்ள ஒரு மேடை இருக்கும். கேசரங்களும் சூலகமுடியும் ஒட்டி உருவானது அது. கைவில்லையால் பார்த்தால் ஒவ்வொரு மூலையிலும் கறுத்த சின்னப் புள்ளி தெரியும். ஊசி முனையை அதன் கீழே கொடுத்து மெதுவாக மேலே இழுத்தால், இரண்டு மஞ்சள் பைகள் தொங்கிக்கொண்டு வெளியே வரும். மகரந்தம் தூளாக இல்லாமல் மொத்தமாகப் பொதி கட்டப்பட்டிருக்கிறது. தேன் குடிக்க வரும் பெரிய கருவண்டின் (இது ஒரு தேனீ வகை) கால் பூவின் பிளவில் மாட்டும்போது இந்தப் பொதி அதோடு போய்விடும். அப்புறம் இன்னொரு பூவின் பிளவுக்குள் அது சரியாகச் செருகப்பட வேண்டும். வெயில் ஏறுமுன் செடியருகே உட்கார்ந்து, எந்தப் பூச்சி வருகிறது, காலில் பொதி இருக்கிறதா என்று குறித்துக்கொள்ளுங்கள். நுணுக்குக்காட்டியும் கைவில்லையும் போதும், பணம் தேவையில்லை. என் அறிக்கையில் வலுவாக நின்ற பகுதி இந்த அவதானிப்புத்தான்.

இரசாயனத்துக்கு வந்தால் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. சேர்வைகளின் பெயர்ப் பட்டியலை எழுதிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அந்தப் பட்டியலைக் கூர்ப்பு (பரிணாம) மரத்தின்மேல் வைத்துப் பாருங்கள். குடும்பத்தின் தொடக்கக் கிளைகளில் பட்டிப்பூவும் நந்தியாவட்டையும் நிற்கின்றன. இவற்றில் நைதரசன் உள்ள தாவரச் சேர்வைகளான இந்தோல் அல்கலோயிட்டுகள் நிறைய. இரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் வின்கிறிஸ்டின் பட்டிப்பூவில் இருந்துதான் வருகிறது. அலரி, எருக்கலை பக்கம் போனால் இதயத்தைத் தாக்கும் கார்டினோலைட்டுகள் முன்னுக்கு வருகின்றன. முன்சொன்ன இந்தோல் அல்கலோயிட்டுகள் பிறக்கும் மூலச் சேர்வை ஸ்ட்ரிக்டோசிடின். கோப்பிக் குடும்பத்துச் சின்கோனாவின் குயினைனும் இதிலிருந்தே உண்டாகிறது. இரண்டு குடும்பங்களும் ஒரே வருணத்தை, அதாவது குடும்பங்களுக்கு மேலுள்ள ஒரே பிரிவைச் சேர்ந்தவை. ஆகவே அல்கலோயிட்டுகளைப் பழைய சொத்தாகவே பார்க்க வேண்டும். கார்டினோலைட்டின் கதை வேறு. தூரத்து உறவான டிஜிட்டலிஸ் என்ற செடியிலும் அது உண்டு, ஆனால் அங்கே தனியாகத் தோன்றியது. ஒரே சேர்வை இருப்பதை மட்டும் வைத்து உறவு கூற முடியாது என்று எழுதத் தெரிந்தவருக்குத்தான் பரீட்சையில் நல்ல புள்ளி.

ஆய்வுகூடத்தில் கெடே பரிசோதனை கார்டினோலைட்டின் லாக்டோன் வளையத்துக்கு ஊதா நிறம் தரும், டிராகன்டோர்ப் பரிசோதனை அல்கலோயிட்டுக்குச் செம்மஞ்சள் தரும். ஒவ்வொன்றும் மூலக்கூறின் எந்தப் பகுதியைக் காண்கிறது என்று ஒரு வரி எழுதிவையுங்கள். எருக்கலைப் பால் கண்ணில் படாமல் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொள்ளுங்கள். கண்ணுக்கு அது கடும் ஆபத்து.

சூழலியலுக்கு மீண்டும் அதே செடி. இலையைத் திருப்பினால் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியுள்ள புழு இருக்கும். செம்மஞ்சள் நிற எருக்கு வண்ணத்துப்பூச்சியின் குடம்பி அது. இந்தக் கூட்டத்துப் புழுக்கள் பல முதலில் நரம்பைக் கடித்துப் பாலை வடிய விட்டுவிட்டுத்தான் தின்னத் தொடங்கும். கார்டினோலைட்டு கலத்தின் சோடியம் பொற்றாசியம் பம்பியை, அதாவது அயன்களைக் கடத்தும் புரதத்தை, நிறுத்திவிடும். அமெரிக்காவின் மொனார்க் வண்ணத்துப்பூச்சியில் அந்தப் புரதத்தின் 122ஆம் இடத்தில் அசுப்பரசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் ஹிஸ்டிடின் வந்திருப்பதால் நஞ்சு சரியாக ஒட்டாது. இதே மாற்றம் எருக்கின் உறவுகளைத் தின்னும் சில வண்டுகளிலும் தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது. கூர்ப்பு, இரசாயனம், சூழலியல் மூன்றும் ஒரே அமினோ அமிலத்தில் வந்து சேர்வதை இதைவிட அழகாகக் காட்டும் உதாரணம் எனக்குத் தெரியாது. இந்த மூன்றுக்கும் மூன்று அத்தியாயம் பிரிக்காமல், ஒரு கேள்வியைச் சுற்றி எழுதச் சொல்வதும் இதனால்தான்.

மாதிரி சேகரிப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வடகீழ்ப் பருவமழைக்கு முன்பே முடித்துவிடுங்கள். ஈரத்தில் அழுத்திய மாதிரி பூஞ்சணம் பிடிக்கும். பால் உள்ள செடிகள் காய நாளாகும், பத்திரிகைத் தாளை அடிக்கடி மாற்றுங்கள். பூக்களைத் தனியாக 70 சதவீத மதுசாரத்தில் போட்டுவையுங்கள். தாளில் நசுங்கிய பூவில் மகரந்தப் பொதியைத் தேடுவது வீண்வேலை. புறாத்தீவு தேசிய பூங்கா. அங்கேயோ ஒதுக்குக் காடுகளிலோ அனுமதி இல்லாமல் ஓர் இலையும் பறிக்கக் கூடாது. பேராதனைத் தேசிய உலர்தாவரகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கப் போகும்போது பழைய, புதிய இரண்டு குடும்பப் பெயர்களையும் எழுதிக்கொண்டு போங்கள்.

வாய்மொழிப் பரீட்சையில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "இவ்வளவு நஞ்சை வைத்துக்கொண்டு எருக்கலை ஏன் இன்னும் புழுவுக்கு இரையாகிறது?" என்பது. செடியருகே உட்கார்ந்து பார்த்ததையும் 122ஆம் இடத்தையும் சேர்த்துத்தான் பதில் சொன்னேன். அடுத்த கேள்வி அலரியைத் தின்னும் கறுப்பு வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் பற்றியது. அதன் பம்பியில் அந்த மாற்றம் இல்லை, ஆனாலும் அது உயிரோடு இருக்கிறது. தலைப்புத் தேடுகிறவர்கள் அந்தப் புழுவில் இருந்து தொடங்கலாம். அலரி எங்கள் கோயில் வளவுகளிலேயே நிற்கிறது.