இரட்டைத் தொட்டி மெஷினை எடைக்குப் போடாதீர்கள்

பழைய செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷினின் பின்மூடியைக் கழற்றிப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் சர்க்யூட் போர்டே இருக்காது. 2 மோட்டார், சாவி கொடுத்த கடிகாரம் போல ஓடும் டைமர்கள், பெல்ட், மோட்டார் சுற்ற உதவும் கெப்பாசிட்டர் (மின்தேக்கி). அவ்வளவுதான்.

துவைக்கும் பக்கம் 'ம்ம்ம்' என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கிறதா? பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தொட்டியின் அடியில் துணியைச் சுழற்றும் தட்டான பல்சேட்டரைக் கையால் திருப்புங்கள். லேசாகச் சுற்றினால் பெரும்பாலும் கெப்பாசிட்டர் போயிருக்கும். அதன்மேல் அச்சிட்ட அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட்டில் வாங்குங்கள். பழைய கெப்பாசிட்டரைக் கழற்றுமுன் ஒரு குண்டு பல்பின் ஒயர்களை அதன் இரு முனையிலும் வைத்து, தங்கிய மின்சாரத்தை இறக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் சுரீரென்று அடிக்கும். கைக்கு இறுகினால் அடியில் ஹேர்பின்னோ காசோ சிக்கியிருக்கும். நடு ஸ்க்ரூவைக் கழற்றிப் பல்சேட்டரை மேலே தூக்குங்கள். மோட்டார் ஓடியும் பல்சேட்டர் நகரவில்லை என்றால் பெல்ட் தொய்ந்திருக்கும். மோட்டார் போல்ட்டுகளைத் தளர்த்தி, சற்றுத் தள்ளி இறுக்கினால் போதும்.

பிழியும் பக்கம் மூடியைத் திறந்தும் நிற்காமல் சுற்றினால் மூடியையும் பிரேக்கையும் இணைக்கும் பிரேக் ஒயரைப் பாருங்கள். அடியில் சொட்டினால் ரப்பர் சீல் கிழிந்திருக்கும். அதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். அந்தத் தண்ணீர் நேரே மோட்டார் தலையில்தான் விழும்.