ஒன்றரை நாளில் ஒரு கவசம்

சனிக்கிழமை காலை காஸ்ப்ளே போட்டி, அதாவது கதாபாத்திரங்களைப் போல வேடமிட்டு வரும் போட்டி. வியாழன் இரவு வேலை முடிந்து வந்து உட்கார்ந்தபோது கையில் இருந்தது 5 மில்லிமீட்டர் ஈ.வி.ஏ ஃபோம் தாள்கள் (ரப்பர் போல வளையும் மெத்தென்ற தாள்), ஹீட் கன் (சூடான காற்றை ஊதும் கருவி), ஒரு டப்பா காண்டாக்ட் சிமென்ட் பசை, அவ்வளவுதான். முதல் வேலையாக எதையெல்லாம் விடலாம் என்று முடிவு செய்தேன். முதுகை மேலங்கி மறைத்துவிடும், தொடைக் கவசம் வேண்டாம், மார்பும் தோளும் முன்கையும் நன்றாக வந்தால் போதும்.

பழைய டி-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, அதன் மேல் முழுக்க டேப் ஒட்டி, மார்க்கரில் கோடு வரைந்து, தங்கை கத்தரித்து எடுத்தாள். விரித்தால் அதுவே பேட்டர்ன், ஃபோமை வெட்டுவதற்கான அச்சு. ஒரு பாதி போதும், மறுபாதிக்குத் திருப்பிப் போட்டு வரைந்துகொள்ளலாம்.

அவசரமே கூடாத இடம் பசைதான். இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் விரலில் வராத அளவுக்குக் காயும்வரை 10, 15 நிமிடம் பொறுத்து அப்புறம் சேர்த்தால்தான் பிடிக்கும். முதல் தோள்பட்டையை ஈரத்தோடு ஒட்டிவிட்டேன், வளைத்ததும் வாயைப் பிளந்துகொண்டது. (ஜன்னலைத் திறந்து வையுங்கள், அந்த வாடை உடம்புக்கு ஆகாது.) பெயின்டுக்கு முன்னால் ஹீட் கன்னை ஒருமுறை ஓட்டினால் ஃபோமின் மேல்பரப்பு இறுகி லேசாகப் பளபளக்கும், பெயின்டை அதிகம் குடிக்காது. கருப்பு அடித்துக் காயவிட்டு, கிட்டத்தட்ட உலர்ந்த பிரஷ்ஷால் விளிம்புகளில் மட்டும் வெள்ளி நிறத்தை இழுத்தேன். ஃபோம் இரும்பாகிவிட்டது. நானும் தங்கையும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனி அதிகாலை 4 மணிக்குக் கடைசி வெல்க்ரோ. நாள் முழுக்க ஒரு துண்டுகூடக் கழன்று விழவில்லை!