பார் மேல் ஏறும் உப்பு

செப்டம்பர் 24
வடக்குச் செய் முழுவதும் உப்புப் பூத்துவிட்டது. நடந்தால் மேல்மண் அப்பளம் போல நொறுங்குகிறது; அடியில் பொருபொருவென்று மாவாக மண். கட்டிலில் படுத்தபடியே அப்பா, "பூத்துவிட்டதா?" என்று கேட்டார். தலையாட்டினேன்.

செப்டம்பர் 27
மண் பரிசோதனை முடிவு வந்துவிட்டது. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸைத் தாண்டினால் உவர், அதாவது உப்பு மண். எங்கள் மண் அதைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டது. கார அமில நிலை 8.5-க்குக் கீழேதான் இருக்கிறது, ஆகவே சோடியம் ஏறிய களர் இல்லை. உரக்கடையில் ஜிப்சம் மூட்டைகளைத் தள்ளிவிடப் பார்த்தார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். களராக இருந்தால் சோடியத்தை விரட்ட ஜிப்சம் வேண்டும். உவருக்கு நல்ல தண்ணீர்தான் மருந்து. உப்பைக் கரைத்துக் கீழே இறக்க வேண்டும். கிணறோ உப்புக் கரிக்கிறது. வானத்தை விட்டால் வேறு கதி இல்லை.

செப்டம்பர் 28
மழை இல்லை.

அக்டோபர் 3
சித்தப்பா வந்தார். உப்பளத்துக்குக் குத்தகைக்கு விட்டால் ஆண்டுக்கு இவ்வளவு என்று கணக்குச் சொன்னார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். பாத்தி கட்டிக் கடல் உப்பை ஏற்றிய நிலத்தில் அப்புறம் எந்தக் காலத்தில் நெல் பார்ப்பது? பக்கத்துச் செய்காரர்களின் கிணறும் அல்லவா கெடும்?

அதுவும் இல்லையென்றால் சீமைக்கருவேலத்தை அப்படியே விட்டுக் கரிமூட்டம் போடு என்கிறார். அந்த மரத்தை நான் திட்டமாட்டேன். கர்னாலில் 1969 முதல் இயங்கும் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிறுவனத்தார் அதே மரத்தைப் புல்லோடு சேர்த்து வளர்த்துத்தான் களர் நிலங்களைத் தேற்றிக் காட்டினார்கள். ஆனால் அங்கே மரம் மனிதன் சொன்னபடி நின்றது. இங்கே ஆடு தின்று போட்ட விதையெல்லாம் கண்மாய்க்குள் முளைத்துக் கிடக்கிறது. ராமநாதபுரத்துக்காரனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

அக்டோபர் 6
பார் சால் ஓட்டியாகிவிட்டது; மேடு பார், பள்ளம் சால். மரக்கன்று நடுவது சாலுக்குள்தான். ஈரம் காயக் காய உப்பு பாரின் தலைக்கு ஏறிவிடும். பார் மேல் நட்டால் வேர் உப்பிலேயே உட்காரும்.

அக்டோபர் 9
கன்றுகள் வந்து இறங்கின. வெள்ளை படர்ந்த நடுப்பகுதிக்கு உகாய், அதைச் சுற்றிச் சவுக்கும் கருவேலமும், வரப்போரம் புங்கம். உகாய் இலையைக் கிள்ளி வாயில் போட்டேன். தடித்த இலை, கடுகின் காரம். அப்பாவுக்கும் ஒன்று கொடுத்தேன். வெகுநேரம் மென்றுகொண்டிருந்தார்.

மரம் உப்பைத் தின்றுவிடும் என்று கன்று கொண்டு வந்தவர் சொன்னார். அப்படித் தின்று தீர்ப்பதில்லை. நிழல் விழுந்தால் மண்ணிலிருந்து ஈரம் ஆவியாவது குறைகிறது, உப்பு மேலே ஏறுவதும் குறைகிறது. ஆழத்து நீரை வேர் உறிஞ்ச உறிஞ்ச நிலத்தடி நீர் மட்டம் இறங்குகிறது. உதிர்ந்த இலை மட்கி மண் இளகுகிறது. வேர் போன வழியில் மழை உள்ளே போகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவில் இதற்கு நேர்மாறாக நடந்தது. கோதுமைக்காகக் காட்டை அழித்தார்கள். குடிக்க மரமில்லாமல் நிலத்தடி நீர் மேலே வந்தது, ஆழத்தில் கிடந்த உப்பையும் கூட்டிக்கொண்டு. வெட்டியதால் ஏறிய உப்பு நட்டால் இறங்காதா? தூக்கம் வராத இரவுகளில் இதைத்தான் நினைத்துக்கொண்டு படுத்திருக்கிறேன்.

அக்டோபர் 13
தூறல். தெருவே சிரிக்கிறது, எனக்கு வயிறு எரிகிறது. இந்தச் சிறுதூறல் மேலே கிடக்கும் உப்பைக் கரைத்து ஒரு சாண் ஆழத்தில், கன்றின் வேர் நிற்கப்போகும் இடத்தில், கொண்டுபோய் வைத்துவிடும். பெய்தால் கொட்ட வேண்டும். இல்லையென்றால் பெய்யவே வேண்டாம்.

அக்டோபர் 14
இரவு முழுவதும் அப்பாவுக்கு மூச்சு இழுத்தது.

அக்டோபர் 15
நேற்றைக்கு இன்று பரவாயில்லை. கஞ்சி குடித்தார்.

அக்டோபர் 22
வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டதாக வானொலி சொல்கிறது. இங்கே ஈக்கள்தான் அதிகம். எங்கள் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு இந்த மூன்று மாதத்துக்குள் விழுந்தாக வேண்டும். தவறினால் கன்றுகள் பையிலேயே வேர் சுருண்டு போகும். அக்காவின் தொலைபேசியை இரண்டு முறை எடுக்கவில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்பாள், பிறகு குத்தகையைப் பற்றி.

அக்டோபர் 26
கொட்டியது! நள்ளிரவில் தொடங்கி விடியும்வரை விடவில்லை. லாந்தரோடு போய் வரப்பை உயர்த்தினேன். தண்ணீர் ஓடிவிடக் கூடாது, நின்று கீழே இறங்க வேண்டும். கிழக்கே ஓர் இடத்தில் வரப்பு உடைந்தது, கையாலேயே மண்ணை அள்ளி அடைத்தேன். வீடு திரும்பியபோது அப்பா விழித்திருந்தார். "சாலில் நிற்கிறதா?" என்றார். நிற்கிறது அப்பா, நிற்கிறது.

அக்டோபர் 27
இன்னொரு மழை. சாலின் அடிமண்ணை எடுத்து நாக்கில் வைத்தேன். கரிப்பு குறைந்திருக்கிறது.

அக்டோபர் 29
உகாய் நட்டு முடிந்தது. இடுப்பு நிமிரவில்லை. குழிக்குக் குழி தொழு உரம், கண்மாயில் அள்ளிய கரம்பை வண்டல்.

அக்டோபர் 30
குத்தகைக்காரரை வியாழக்கிழமை கூட்டி வருவதாகச் சித்தப்பா சொல்லி அனுப்பியிருக்கிறார். வரட்டும். நட்ட நிலத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். புங்கங்கன்று மீதி இருக்கிறது. மேற்கு மூலையில் தண்ணீர் வடியவில்லை. காலையில் மண்வெட்டியோடு போய்