புல்லில் ஒரு வெப்பமானி, திண்ணையில் ஒரு வெப்பமானி

டிசம்பர் 14

ஊட்டிக்குப் பக்கத்தில், கேத்தி பாலாடா. காலை 6 மணி. திண்ணையில் 12 டிகிரி, புல்லில் 11. மேகம்.

ஒவ்வொரு குளிர்காலமும் இந்த இரண்டு எண்களை எழுதி வருகிறேன். ஒரு வெப்பமானி திண்ணைத் தூணில் ஆள் உயரத்தில் தொங்குகிறது. இன்னொன்று கேரட் பாத்தியின் ஓரத்தில், புல்லை ஒட்டி, இரண்டு கவைக்குச்சிகளின் மேல் படுத்திருக்கிறது. மேகம் மூடிய இரவில் இரண்டும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். வானம் துடைத்துவிட்டதுபோல் இருக்கும் இரவில் புல் மட்டும் தனியே கீழே இறங்கிவிடும். நான்கு டிகிரி, ஐந்து டிகிரிகூட வித்தியாசம் வரும். பகலில் வாங்கிய சூட்டை மண் இரவெல்லாம் வானத்துக்கே திருப்பிக் கொடுக்கிறது. மேகம் இருந்தால் அதில் ஒரு பங்கு மண்ணுக்குத் திரும்பி வரும். இல்லையென்றால் போனது போனதுதான்.

செய்தித்தாளில் ஊட்டிக்கு 4 டிகிரி என்று போட்டிருக்கிறதே, பிறகு எப்படிப் புல்லில் ஐஸ் என்று பலர் கேட்பார்கள். அந்த 4 டிகிரி ஆள் உயரக் காற்றின் கணக்கு. புல்லின் கணக்கு வேறு.

டிசம்பர் 16

மார்கழி பிறந்துவிட்டது. நாலரை மணிக்கே கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை. கோலம் போட்டு நிமிர்வதற்குள் மாவின் மேல் நீர்ப்பனி இறங்கி, கோடுகள் தடித்துப்போயின. அதுவும் ஓர் அழகு. திண்ணை 11, புல் 10.

டிசம்பர் 19

ராமநாதபுரத்திலிருந்து அண்ணன் பேசினார். அரையாண்டு விடுமுறைக்கு மூவரும் வருகிறார்களாம். உப்பளத்தில் மழை நின்று போய்விட்டது, அடுத்த உப்பு எடுக்க இன்னும் மாதங்கள் ஆகும், இப்போது விட்டால் வர முடியாது என்றார். பின்னாலிருந்து மருமகன் போனைப் பிடுங்கி, “அத்தை, உறைபனி விழுமா?” என்று கேட்டான்.

மேகம் விலகினால் விழும் என்றேன்.

“எப்போது விலகும்?”

வடகிழக்குப் பருவமழை ஒழுங்காக விடைபெறாத வருடங்களில் உறைபனி ஜனவரிக்குத் தள்ளிப்போவதை என் நோட்டிலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் பத்து வயதுப் பையனிடம் அதை எப்படிச் சொல்வது? வா, பார்க்கலாம் என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனம் உறுத்தியது. எங்கள் கீழ்ப்பாத்தியில் கடைசியாக விதைத்த உருளைக்கிழங்கு இன்னும் பச்சையாக நிற்கிறது. அவன் ஆசைப்படுவது விழுந்தால் அந்த இலைகளின் கதை முடிந்தது.

டிசம்பர் 21

ஆண்டின் குறுகிய பகல் இன்றோ நாளையோ. ஆனால் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது இன்றல்ல. எங்கள் அட்சரேகையில் அது ஜனவரி பிற்பகுதியில்தான். எதிர் மலை முகட்டில் வெயில் எட்டிப் பார்க்கும் நேரத்தை எழுதி வைத்த முதல் வருடமே இதைக் கண்டுகொண்டேன். பொங்கல் கழிந்தும் காலை நீண்டு இருட்டாகவே இருக்கும். ‘தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்’ என்று சும்மா சொல்லவில்லை.

திண்ணை 10, புல் 9. மேகம் அசையவில்லை.

டிசம்பர் 23

வந்து சேர்ந்தார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளையும் மருமகன் எண்ணிக்கொண்டே வந்திருக்கிறான். பத்தாவது வளைவில் அண்ணி கண்ணை மூடியவர் பஸ் நிலையத்தில்தான் திறந்தாராம். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை மலையடிவாரச் சோதனையிலேயே கொடுத்துவிட்டு வந்ததால், வந்ததும் மூவரும் கேட்டது தண்ணீர். சுட வைத்துக் கொடுத்தேன். குடிக்கத்தானே கேட்டோம், குளிக்கவா கேட்டோம் என்றார் அண்ணன்.

இரவு பையனை பாத்திக்கு அழைத்துப்போய் வெப்பமானியைக் காட்டினேன். மண் தட்டு ஒன்றில் தண்ணீர் ஊற்றிப் பக்கத்தில் வைத்தோம். உறைந்தால் தெரியட்டும் என்று.

டிசம்பர் 24

தட்டில் தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. ஒரு தும்பி மிதந்தது.

மாலையில் எதிர்வீட்டு அக்கா கேக் கொண்டுவந்தார். வாசலில் நட்சத்திர விளக்கு கட்டியிருக்கிறார். இரவு பத்து மணிக்கு மேல் கிடார், தப்பட்டை சகிதம் பாடகர் குழு வந்தது. கம்பளிக் குல்லாவுக்குள்ளிருந்து பாட்டும் புகையும் சேர்ந்து வந்தன. பையன் அவர்கள் பின்னாலேயே நான்கு வீடுகள் போய்விட்டான். போன இடத்தில் எல்லாம் கேக். இரவு சாப்பாடு வேண்டாம் என்றான்.

டிசம்பர் 25

காலையிலிருந்து வர்க்கி. தேநீரில் நனைத்தால் உடனே வாய்க்குக் கொண்டுபோக வேண்டும், ஒரு விநாடி பிந்தினாலும் பாதி கோப்பைக்குள் விழுந்துவிடும் என்பதை அண்ணன் இரண்டு முறை பாடம் கேட்டார். மூன்றாவது முறை கரண்டி வாங்கிக்கொண்டார்.

வெளியே தூறல். விடுகதைப் போட்டி நடந்தது. பையன் தானே கட்டிய ஒன்றைப் போட்டான்:

‘இரவில் வருவான், வெள்ளை விரிப்பான், வெயிலைக் கண்டால் விட்டு ஓடுவான். யார்?’

எல்லோருக்கும் விடை தெரியும். யாரும் சொல்லவில்லை. அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். “இன்னும் வரவில்லையே, வந்ததும் சொல்கிறேன்” என்றான்.

டிசம்பர் 26

கேத்தி நிலையத்தில் ரயில் ஏறி ஊட்டிக்குப் போனோம். லவ்டேல் தாண்டினால் உதகமண்டலம். கூட்டம் சொல்லி மாளாது. பையனுக்கு ஜன்னலோரம் கிடைத்தது, அது போதும். தண்டவாளத்தின் நடுவே பல்சக்கரப் பாதை எங்கே என்று தேடிக்கொண்டே வந்தான். அது கல்லாறிலிருந்து குன்னூர் வரைதான், செங்குத்தான ஏற்றம் அங்கேதான் என்று என் கணவர் விளக்கினார். குன்னூருக்கு ரயில் வந்தது 1899-இல். ஊட்டிக்கு வந்தது 1908-இல். யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமாக ஏற்றது 2005-இல். அவருக்கு இந்த ரயிலைப் பற்றிப் பேச ஒரு ஆள் கிடைத்தால் சாப்பாடு வேண்டாம்.

1848-இல் உருவான தாவரவியல் பூங்காவில் பையனை மிகவும் கவர்ந்தது பூ அல்ல. நாற்றுகளின் மேல் காய்ந்த மிலார் செடிகளை வைத்து மூடியிருந்தார்கள். கோத்தகிரிப் பக்கத்திலிருந்து கொண்டுவருவது. “செடிக்கும் ஸ்வெட்டரா?” என்றான். ஆமாம், அதேதான். மேகம் மண்ணுக்குச் செய்வதை மிலார் நாற்றுக்குச் செய்கிறது. ஒன்றைச் சொன்னதும் மற்றதை அவனே சொல்லிவிட்டான். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

டிசம்பர் 27

இவர் கணக்கு எழுதும் கேரட் லாரி இன்று அரை மணி நேரம் தாமதம். விடியற்காலை மூன்று மணிக்கு நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு அறுவடை செய்து, இயந்திரத்தில் கழுவி, மூட்டை கட்டி ஏற்றி, எல்லாம் நேரத்துக்குத்தான் முடிந்தது. வளைவில் ஒரு காட்டெருமை நின்றுவிட்டது. ஹாரன் அடிக்க யாரும் துணியவில்லை. துணியவும் கூடாது. மேட்டுப்பாளையம் மண்டியிலிருந்து என்ன தாமதம் என்று கேட்டதற்கு ஓட்டுநர், “முதலாளி ரோட்டில் நிற்கிறார்” என்று பதில் சொன்னாராம்.

அதே காட்டெருமையைச் சாயங்காலம் எதிர்ச்சரிவுத் தேயிலையில் பார்த்தோம். உடம்பெல்லாம் கறுப்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை. “இதுவும் சாக்ஸ் போட்டிருக்கிறது, இந்த ஊரில் எல்லோருக்கும் குளிர்கிறது” என்றான் மருமகன். அண்ணி சிரித்த சிரிப்பில் அது தலையைத் திருப்பிப் பார்த்தது. எல்லோரும் வீட்டுக்குள்.

டிசம்பர் 28

இரவு அடுப்படியில் நானும் அண்ணனும் மட்டும் உட்கார்ந்திருந்தோம். சின்ன வயதில் வாலிநோக்கம் பக்கம் அப்பாவோடு உப்பளத்துக்குப் போன நாட்களைப் பேசினோம். உப்புக்கு வெயிலும் வேண்டும், காற்றும் வேண்டும். காற்று நின்றால் பாத்தியில் தண்ணீர் குறையாது. பருவம் தவறி ஒரு மழை பெய்தால் விளைந்த உப்பு கரைந்துபோகும். “மேகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்” என்றார்.

எனக்கு நேர் எதிர். மார்கழி இரவில் மேகத்தைக் கண்டால் நிம்மதியாகத் தூங்குவேன். தெளிந்த வானமும் நின்ற காற்றும்தான் எனக்குப் பயம். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீரைப் போலச் சரிவில் வழிந்து வந்து பள்ளத்தில் தேங்கும். மேட்டுத் தேயிலை தப்பிய நாளிலும் எங்கள் கீழ்ப்பாத்தி கருகியிருக்கிறது.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள், ஒரே வானத்தை நிமிர்ந்து பார்த்து ஆளுக்கு ஒன்று கேட்கிறோம். அண்ணன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “பையன் வேறு தினமும் சாமியிடம் உறைபனி கேட்கிறான், நான் வேண்டுமானால் நிறுத்தச் சொல்லட்டுமா?” என்றார். வேண்டாம் அண்ணா, கேட்கட்டும் என்றேன். அது உண்மையாகவே என் மனதிலிருந்து வந்தது.

டிசம்பர் 29

பகல் முழுவதும் நீல வானம். சாயங்காலம் காற்று அடங்கியது. இரவு ஒன்பது மணிக்கே திண்ணையில் 7, புல்லில் 3. நட்சத்திரங்கள் கையால் எடுக்கலாம் போல இருக்கின்றன. தெளிப்பான் குழாயைச் சரிபார்த்துவிட்டு வந்தேன். பையனை நாலரைக்கு எழுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன்.

டிசம்பர் 30

திண்ணை 3. புல் மைனஸ் 2.

டார்ச் வெளிச்சம் பட்டதும் புல் முழுவதும் மின்னியது. ஒவ்வோர் இலையின் விளிம்பிலும் ஊசி ஊசியாக ஐஸ். கேரட் தழை வெள்ளிச் சரிகை போல விறைத்து நின்றது. மண் தட்டில் தண்ணீர் கண்ணாடியாக இறுகியிருந்தது. மருமகன் பேசவே இல்லை. இரண்டு கைகளாலும் தட்டைத் தூக்கி முகத்துக்கு நேராகப் பிடித்து அதன் வழியாக என்னைப் பார்த்தான். பிறகு மெல்ல நடந்து பாத்தி ஓரம் போனான். குனிந்தான். ஒரு விரலால் புல்லைத் தடவி எடுத்து நாக்கில் வைத்தான்.

“உப்பு இல்லை, அத்தை!”

அண்ணன் வரப்பில் அப்படியே உட்கார்ந்து சிரித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. அவன் பிறந்து வளர்ந்த ஊரில் தரையில் வெள்ளையாக விரிந்து கிடப்பது ஒன்றே ஒன்றுதான். ருசி பார்க்காமல் எப்படி நம்புவான்? அவன் தாத்தாவும் உப்பை அப்படித்தான் ஒரு விரலால் எடுத்து நாக்கில் வைப்பார். அதே விரல், அதே குனிவு. அண்ணன் சிரித்தது அதற்கும் சேர்த்துத்தான் என்று எனக்குத் தெரியும்.

பிறகு வேலை. வெயில் முகட்டைத் தாண்டுவதற்குள் தண்ணீர் தெளித்தாக வேண்டும். விழுந்த பனியைவிட, அது வெயில் பட்டுச் சடாரென்று இளகுவதுதான் இலையைக் கருக்குகிறது என்பது இங்கு பயிர் செய்பவர்களின் அனுபவம். முன்கூட்டியே தண்ணீரால் கழுவிவிட்டால் பாதியாவது பிழைக்கும். குழாயை அவர் பிடிக்க, நானும் பையனும் தெளிப்பான்களை நகர்த்த, அண்ணி வாளியோடு கீழ்ப்பாத்திக்கு ஓட, அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெறுங்காலோடு ஐஸ் தண்ணீரில் நின்றார். உப்பு நீரில் நின்று பழகிய கால். இந்த வாய்க்காலில் ஒரு நிமிடம் தாங்கவில்லை, குதித்துக் குதித்து மடை மாற்றினார். ஏழு மணிக்கு வெயில் இறங்கியபோது கேரட் முழுவதும் நனைந்து பச்சையாக நின்றது.

உருளைக்கிழங்கில் தெற்கு மூலை மட்டும் எட்டவில்லை.

பையன் விடுகதைக்கு விடை சொன்னான். கை தட்டினோம்.

டிசம்பர் 31

திண்ணை 4, புல் 0. மறுபடியும் தெளித்தோம்.

தெற்கு மூலை இன்று கறுத்துத் தொங்குகிறது. ஆறு வரிசை. கிழங்கு அடியில் ஓரளவு பருத்திருக்கிறது, சிறிதாக இருந்தாலும் தோண்டிவிடலாம் என்றார் அவர். மதியம் எல்லோரும் சேர்ந்து தோண்டினோம். எலுமிச்சை அளவில் இரண்டு கூடை வந்தது. அண்ணி தோலோடு வேகவைத்து, மிளகும் கல் உப்பும் தூவிப் பிரட்டினார். உப்பு அண்ணன் கொண்டுவந்தது. அண்டாவில் ஒன்றும் மிஞ்சவில்லை. எதிர்வீட்டு அக்காவுக்குத் தனியாக எடுத்து வைத்தது மட்டும் தப்பியது.

பன்னிரண்டு மணி வரை விழித்திருப்பேன் என்ற மருமகன் ஒன்பதரைக்குத் தூங்கிவிட்டான்.

ஜனவரி 1

காலை பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தோம். கேரட் ஒரு பை, வர்க்கி ஒரு பை, நான் பின்னிய கம்பளிக் குல்லா ஒன்று. ராமநாதபுரத்தில் குல்லா எதற்கு என்று அண்ணி கேட்டார். பையன் அதைக் கழற்றவே இல்லை. திண்ணைத் தூணை அவன் திரும்பித் திரும்பிப் பார்த்ததைக் கண்டு, இவர் கடைத்தெருவில் இறங்கி ஒரு சின்ன வெப்பமானி வாங்கிக் கொடுத்தார்.

வீடு காலியாக இருக்கிறது. திண்ணை 6, புல் 3.

ஜனவரி 4

ஆறு மணிக்குப் போன் அடித்தது. இந்த நேரத்தில் யார் என்று பதறி எடுத்தேன்.

“அத்தை, எழுதிக்கொள்ளுங்கள். திண்ணையில் 23. புல் இல்லை, மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன், 22. தட்டில் தண்ணீர் வைத்தேன், காக்கா குடித்துவிட்டது.”

நோட்டில் அளவுகோல் வைத்து இன்னொரு கட்டம் போட்டேன்.

கேத்தி பாலாடா: திண்ணை 5, புல் 1. ராமநாதபுரம்: திண்ணை 23, மாடி 22. இரண்டு ஊரிலும் வானம் தெளிவு.